லிஃப்ட் மெதுவாகப் போகட்டும்

சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த நாத்தனார் மூக்கை உறிஞ்சும் சத்தம் சமையலறை வரை கேட்டது. சளி இல்லை, அழுகை. அவள் கையில் அந்தப் பழைய கேம் கன்சோல். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓரத்தில் விரிசல், பொத்தான்களில் எழுத்து தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்களேன். கேம்ல இந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு கேளுங்க."

"அடுப்புல பால் இருக்கு" என்றாள் டார்ச்.

அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

டார்ச் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். பெரிய கன்சோல்களுக்கு வீடியோ கேம் செய்யும் நிறுவனத்தில் வெளிச்சப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கேமுக்குள் சூரியன் எந்தப் பக்கம் சாய வேண்டும், தெருவிளக்கு எவ்வளவு மங்கலாக எரிய வேண்டும், நனைந்த தலைமுடியில் ஒளி எப்படி வழுக்கி இறங்க வேண்டும் எல்லாம் அவள் முடிவு. ஒரு சட்டைப் பொத்தானின் பளபளப்புக்காக வாரக்கணக்கில் உட்காரக்கூடியவள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "டார்ச்சர்னு சொல்ல வந்து, பயத்துல பாதியில நிறுத்திட்டாங்க போல" என்பாள் நாத்தனார்.

நாத்தனாருக்கு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை. பகலெல்லாம் ஊரார் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, போகும் வழியில் அண்ணன் வீட்டுச் சோபாவில் தன் காலை நீட்டிவிட்டுப் போவாள்.

"நீங்க செஞ்ச கேமையும்தான் விளையாடினேன் அண்ணி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அடேங்கப்பா, அதுல மழை பெஞ்சா நம்ம சட்டை நனையுது. ஆனா யாரு யாரை எதுக்குச் சுட்டாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

"கதையைக் கவனிக்கணும்."

"எங்கே கவனிக்கறது? ரோட்டுல ஒரு குட்டை. அதுல வானம் தெரியுது, மேகம் நகருது. அதையே பார்த்துட்டு நின்னேன். பின்னால வந்து சுட்டுட்டான்."

"அந்தக் குட்டை நான் செஞ்சது."

"அதான் சொல்றேன். என்னைக் கொன்னதே நீங்கதான்."

டார்ச்சுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "இங்க பாரு, பெரிய மெஷினோட பவர் இருந்தா ஒரு மனுஷன் முகத்துல தசை அசையறதைக் கூடக் காட்டலாம். உன் கையில இருக்கறதுல முகத்துக்கு ரெண்டு புள்ளி. வாய்கூடக் கிடையாது. ரெண்டு புள்ளியை வச்சு என்னத்தைச் சொல்லிட முடியும்?"

"என்னவோ, என்னை அழ வைக்க முடியுது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் மறுபடியும் திரைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

டார்ச்சுக்கு உள்ளே ஏதோ எரிந்தது. நாத்தனாரை அழ வைத்த கேமைச் செய்தது அவளுடைய கணவன். அவனும் மைனாவும்.

அவன் முன்பு டார்ச்சின் நிறுவனத்தில்தான் இருந்தான். பெரிய மெஷினுக்கு வேலை செய்து அலுத்துவிட்டது என்று ஒரு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டின் பின்னறையில் மேசை போட்டுக்கொண்டான். பலர் பரணில் போட்டுவிட்ட, சிலர் இன்னமும் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பழைய கையடக்கக் கன்சோலுக்கு ஒரு கேம் செய்யப்போவதாகச் சொன்னான். அதற்கு வசனம் எழுத வந்தவள் மைனா. ஓயாமல் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர். காலையில் வருவாள். கதவு சாத்தப்படும். அப்புறம் ஒரே பேச்சு, சிரிப்பு. அவளுடைய குரல் ஏறும், இறங்கும், ஆண் குரலில் மிமிக்ரி செய்யும், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். விடுமுறை நாட்களில் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் டார்ச், ஒரே சட்டையை நாலு தடவை மடிப்பாள்.

கேமின் கதை சாதாரணம். உயரமான ஒரு குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவருகிறாள் ஒருத்தி. சாமான் ஏற்றி வந்தவர்கள் அவளுடைய பெட்டிகளை மாடிக்கு ஒன்றாகத் தப்பு வீடுகளில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டடத்து எலக்ட்ரீஷியன் துணைக்கு வருகிறான். இரண்டு பேரும் மாடி மாடியாக ஏறிப் பெட்டிகளைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு புதிர். மேல் மாடிக்குப் போவதற்குள் இருவருக்கும் காதல். வீட்டில் அதை 'லிஃப்ட் கேம்' என்றே சொல்வார்கள்.

அது வெளியானதும் யாரும் எதிர்பாராத பேர் வாங்கியது. யாரோ ஒரு விமர்சகர் எழுதியிருந்தார்: இதைச் செய்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் காதலிக்காமல் இருந்திருக்க முடியாது. பாராட்டாகத்தான் எழுதியிருந்தார். கணவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தான். டார்ச்சும் சிரித்தாள். அந்த வரி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

அன்றைக்கே அவள் லிஃப்ட் கேமைத் திறந்தாள். முதல் மாடியை முடித்தாள். லிஃப்ட் கதவு மூடித் திரை இருண்டது. இரண்டு சின்ன உருவங்கள் அசையாமல் நின்றன. "கதவு மூடுது, கையை எடுங்க" என்றான் எலக்ட்ரீஷியன். "எடுத்துட்டேன்" என்றாள் அந்தப் பெண். பின்னறையிலிருந்து சரியாக அந்த நேரம் பார்த்துச் சிரிப்பு. டார்ச் கன்சோலை அணைத்து வைத்தாள். அதற்கப்புறம் தொடவில்லை.

"முடிச்சியா?" என்று கணவன் கேட்டான், ஒரு வாரம் கழித்து.

"முடிச்சேன். நல்லா இருக்குங்க."

"எந்த இடம் பிடிச்சது?"

"எல்லாமேதான்."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் தலையாட்டினான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

*

லிஃப்ட் கேமைப் புதிய, சக்தி வாய்ந்த கன்சோலுக்கு மாற்றிச் செய்யும் வேலை டார்ச்சின் நிறுவனத்துக்கே வந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்தவரைப் 'பெரியவர்' என்பார்கள். வயது நாற்பதுதான், ஆனால் பேச்சு எண்பது.

"உங்க வீட்டுக்காரர் கேம், நீங்களே முன்னாடி நின்னு செய்யுங்கம்மா. எனக்கு ரெண்டே ரெண்டுதான் வேணும். பார்த்தா வாயைப் பிளக்கணும். காத்திருக்கவே கூடாது. 'காத்திருப்பு என்ற பேச்சே இல்லை', விளம்பரமே அதுதான்."

டார்ச் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனாள். ரெண்டு புள்ளியை வைத்துக்கொண்டு அந்த மைனா ஊரை அழ வைத்தாளா? முகம் என்றால் என்ன என்று நான் காட்டுகிறேன்.

"நடுவுல நடுவுல வந்து பார்க்கட்டுமா?" என்று கணவன் கேட்டான்.

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா? முழுசா முடிச்சுட்டுக் காட்டறேன். நீங்களும் உங்க பார்ட்னரும் சேர்ந்தே வந்து பாருங்க."

பார்ட்னர் என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் பாகற்காய்ச் சாறு இருந்தது. அவன் கவனித்தானோ இல்லையோ, "சரி, உன் இஷ்டம்" என்றான்.

அதற்கப்புறம் அவள் இழைத்து இழைத்து வேலை செய்தாள். லிஃப்ட்டின் பித்தளைப் பொத்தான்களில் விரல் நிழல் விழுந்தது. மாடி ஜன்னலில் மழை வழிய, அதன் நிழல் எதிர்ச்சுவரில் நெளிந்தது. எலக்ட்ரீஷியனின் காலரில் வியர்வைக் கறை. ஒவ்வொன்றையும் முடிக்கும்போதும், மைனா இதைப் பார்க்கும் முகத்தை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவளிடம் வேலை செய்த புரோகிராமர் வந்து நின்றாள். "மேடம், லிஃப்ட்ல வர்ற பேச்சு திரையில நிக்கவே மாட்டேங்குது. பழைய மெஷின் அடுத்த மாடியை எடுக்கத் திணறும், அது வரைக்கும் அவங்க பேசிட்டிருப்பாங்க. நம்ம மெஷின் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடுது. பேச ஆரம்பிக்கும்போதே கதவு திறந்துடுது."

'கையை எடுங்க', 'எடுத்துட்டேன்'. டார்ச்சுக்குத் தெரிந்த லிஃப்ட் பேச்சு அது ஒன்றுதான்.

"லோடிங் ஆகறது தெரியக்கூடாதுன்னு போட்ட சால்ஜாப்பு அது. நமக்கு எதுக்கு? தூக்கிடு."

"கொஞ்சம் நிறைய இருக்கே மேடம். எல்லா மாடிக்கும்..."

"தூக்கிடுன்னு சொன்னேன்ல?"

தூக்கிவிட்டார்கள். கதவு மூடும், திறக்கும், அடுத்த மாடி. வழுக்கிக்கொண்டு போனது.

*

சோதனை நாளன்று நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலைந்து பேரை வெளியிலிருந்து கூட்டிவந்து ஓர் அறையில் விளையாட விடுவார்கள். பக்கத்து அறையில், ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால், செய்தவர்கள் நிற்பார்கள். திரையைப் பார்க்கக்கூடாது, விளையாடுகிறவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது பெரியவரின் சட்டம்.

அன்று கணவனும் மைனாவும் வந்திருந்தார்கள். முதல் மாடியில் விளையாடியவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டார்ச் ஓரக்கண்ணால் மைனாவைப் பார்த்தாள். மைனாவும் வாயைப் பிளந்துதான் நின்றாள். "அய்யோ, அந்தப் பொத்தானைப் பாருங்க பார்ட்னர், தொடணும் போல இருக்கு" என்று கிசுகிசுத்தாள். டார்ச்சுக்கு முதுகு நிமிர்ந்தது.

மூன்றாவது மாடியில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். ஐந்தாவதில் இன்னொருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மைனாவின் பேச்சு நின்றுபோயிருந்தது. அவள் சட்டத்தை மீறித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார்: "ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா கடைசியில அவங்க ரெண்டு பேரும் எதுக்குக் கையைப் பிடிச்சுக்கறாங்க? பெட்டியைத் தேடினாங்க, பெட்டி கிடைச்சது. பெட்டி கிடைச்சதுக்கா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைனா திரையிலிருந்து திரும்பினாள்.

"லிஃப்ட் எங்க?" என்றாள் மைனா மெதுவாக. "பார்ட்னர், லிஃப்ட்ல பேசறது எங்க? அவங்க பேசறதே அங்க மட்டும்தானே?"

பெரியவர் திரும்பினார். "பேச்சை யார் எடுத்தது?"

டார்ச்சுக்கு அப்போதுதான் உறைத்தது. லிஃப்ட்டில் மட்டும்தான் பேசுகிறார்கள். எல்லா மாடிக்கும் அவ்வளவு நிறையப் பேசியிருக்கிறார்கள். கேமை விளையாடிய எவருக்கும் தெரிந்த விஷயம் அது. கணவன் அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது.

"நான்தான் சார்" என்றான் அவன், பெரியவரிடம். "புது மெஷினுக்குத் தேவைப்படாதுன்னு நான்தான் சொன்னேன். என் தப்பு."

மைனா அவனைப் பார்த்தாள், பிறகு டார்ச்சைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஓயாமல் பேசுகிறவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் டார்ச்சைச் சுட்டது. பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றும் கணவன், அதைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளும் அவள். என்ன பொருத்தம், என்ன பொருத்தம்!

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெடித்தாள். கோபம் வந்தால் அவளுடைய பேச்சில் 'ங்க' உதிர்ந்துவிடும்.

"எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே? அவ முன்னாடி எனக்குப் பிச்சை போடறியா?"

அவன் சாவியைத் திருகவில்லை. "நீ முதல் மாடிக்கு மேல விளையாடவே இல்ல. இல்ல?"

"நீயும் அவளும் உள்ள உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சுச் செஞ்சதை நான் வேற உட்கார்ந்து விளையாடணுமா?"

"வேண்டாம். விளையாட வேண்டாம். பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டிருந்துட்டு சரியாகியிருப்பேன். நல்லா இருக்குன்னு சொன்னியே! ஊரே சொன்னுச்சு, ஆனா நான் தூக்கிட்டு அலைஞ்சது உன்னோட அந்த ஒரு வார்த்தையை." அவன் குரல் உயரவே இல்லை. "இனிமே நீ எதை நல்லா இருக்குன்னு சொன்னாலும் நான் எப்படி நம்பறது?"

அவன் சாவியைத் திருகினான்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அதற்குப் பின் அவன் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டான். "தண்ணி வேணுமா?", "ஃபேன் வேகம் போதுமா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் ஃபேனைப் பற்றிக் கருத்துக் கேட்டதே கிடையாது.

*

இரண்டு நாள் கழித்து விடுப்புச் சொல்லிவிட்டு, கணவன் கண்ணில் படாமல் விளையாட, காலையிலேயே நாத்தனார் வீட்டுக்குப் போய்க் கன்சோலைக் கேட்டாள்.

நாத்தனார் மேலும் கீழும் பார்த்தாள். "என்ன அண்ணி, பால் பொங்கி முடிஞ்சுதா?"

"பேசாம குடு."

மதிய வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்த அறையில் உட்கார்ந்து ஆடினாள். படம் மோசமாகத்தான் இருந்தது. வெளிச்சம் என்று ஒன்றே கிடையாது. புதிர்கள்கூடச் சுமார்தான். முதல் மாடி முடிந்து, கதவு மூடி, "கையை எடுங்க" வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள்.

இரண்டாவது மாடிக்குப் போகும்போது எலக்ட்ரீஷியன் கேட்டான்: "பெட்டியில என்ன இருக்கு?"

"தெரியல. கட்டினது எங்கம்மா."

கன்சோல் உள்ளே கரகரவென்று எதையோ தேடியது. இரண்டு புள்ளிக் கண்கள் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றன.

"உங்க பேரைச் சொல்லலையே?" என்றான்.

"பாதி தூரம்தானே வந்திருக்கோம்."

கதவு திறந்தது. டார்ச் தன்னை அறியாமல் வேகமாக அடுத்த புதிரை முடித்தாள். பெட்டிக்காக இல்லை, லிஃப்ட்டுக்காக. நான்காவதற்குப் போகும் வழியில் அவன் வீட்டில் யாரெல்லாம் என்று அந்தப் பெண் கேட்டாள். "இருந்தாங்க" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் கதவு திறக்கும் வரை மெஷின் மட்டும் கரகரத்தது.

ஆறாவது மாடிக்குப் போகும் லிஃப்ட்தான் எல்லாவற்றிலும் நீளம். கதவு மூடியது. இருவரும் பேசவில்லை. நின்றார்கள். டார்ச் காத்திருந்தாள். பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கும்போது அந்தப் பெண் சொன்னாள்:

"இன்னைக்கு லிஃப்ட் சீக்கிரம் வந்துடுச்சு."

"எப்பவும் ஆகற நேரம்தான் ஆச்சு" என்றான் அவன்.

டார்ச் கன்சோலை மடியில் வைத்துவிட்டாள். கண் கலங்கியது ஒரு பக்கம் இருக்க, நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. நான் பொத்தானுக்கும் காலருக்கும் வாரக்கணக்கில் உயிரைக் கொடுக்கிறேன், ஒருத்தி சும்மா நிற்க வைத்தே இதைச் செய்துவிட்டாளே!

இன்னொன்றும் இருந்தது. விளையாடிய நேரமெல்லாம் அவள் தன்னைத் தேடிக்கொண்டிருந்தாள். தன்னுடைய பேச்சு, தன்னுடைய கோபம், தாங்கள் இருவரும் போட்ட ஏதாவதொரு சண்டை. ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் டார்ச்சைப் போல நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அப்படியானால் அது யார்?

*

மைனாவின் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. கதவைத் திறந்தவள், உதட்டில் விரலை வைத்தாள். அவள் கணவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். துணி காயும் பால்கனிக்கு டார்ச்சைக் கூட்டிப்போனாள்.

"உட்காருங்கக்கா."

"அக்கானு கூப்பிடாதே. நான் உன்னைவிடச் சின்னவ."

"அப்ப எப்படித்தான் கூப்பிடறது? மேடம்னா முறைக்கறீங்க. பேர் சொன்னா பார்ட்னர் பொண்டாட்டியாச்சேன்னு கூச்சமா இருக்கு."

"பார்ட்னர்னும் சொல்லாதே."

"இப்படியே போனா நான் ஊமையாதான் இருக்கணும்" என்றாள் மைனா. பிறகு, டார்ச் கேட்க வந்ததை அவளே எடுத்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஆசையான்னுதானே? டீ குடிச்ச டம்ளரை ஜன்னல்லயே வச்சு எறும்புக்குப் பந்தி போடற ஆளு மேலயா? கையெடுத்துக் கும்பிடறேன், நீங்களே வச்சுக்குங்க."

டார்ச்சுக்கு நிம்மதி வந்தது. கூடவே கோபமும். என் வீட்டு டம்ளரை இவள் எப்படிக் குறை சொல்லலாம்?

"அப்புறம் அந்தப் பேச்செல்லாம்? உள்ள அப்படிச் சிரிப்பீங்களே?"

"அதுவா? அந்தப் பேச்சு எதையும் நான் உட்கார்ந்து எழுதலை. மெஷின் எவ்வளவு நேரம் திணறுதோ அவ்வளவுதான் எனக்கு இடம். அவர் கன்சோலைப் பிடிச்சுட்டு நிப்பார். லிஃப்ட் கதவு மூடினதும் நான் ரெண்டு பேர் குரல்லயும் பேசணும், திறந்ததும் நிறுத்தணும். பாதி வாக்கியம்னா பாதி வாக்கியம்தான். எத்தனை தடவை உளறியிருப்பேன்! உளறினா அவர் சிரிப்பார். நீங்க வெளியில கேட்டது அதைத்தான்."

டார்ச் கொடியில் தொங்கிய ஒரு சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "ஆறாவது மாடி?"

"அந்த மாடி பெரிசு. மெஷின் முக்கி முனகி எடுக்கும். எனக்கு வார்த்தை தீர்ந்துபோச்சு. முழிச்சுட்டு நின்னேன். கதவு திறக்கற நேரத்துல என்னமோ வாயில வந்ததைச் சொன்னேன். அவர்தான் இதையே வச்சுக்கலாம்னார்."

"அந்தப் பொண்ணு யாரு?"

"யாரும் இல்ல. பெட்டி தொலைஞ்சவ. நான் ஒரு தடவை கேட்டேன், உங்க பொண்டாட்டி மாதிரி வைக்கலாமான்னு. 'ஐயோ, அவ லிஃப்ட்டுக்குள்ள வந்தா முதல்ல பல்பை மாத்தச் சொல்லுவா, காதல் எங்க வளர்றது'ன்னார்."

டார்ச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், அவன் இதைத் தன்னிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லியிருக்கிறான் என்று உறைத்தது. மறுபடியும் கொஞ்சம் எரிந்தது. ஆனால் இந்த எரிச்சலோடு உட்கார்ந்து பேச முடிந்தது.

"பேச்சைத் திரும்பக் கொண்டுவரணும்" என்றாள். "லிஃப்ட்டை வேணும்னே மெதுவாக்கிடலாம்."

மைனா உதட்டைப் பிதுக்கினாள். "சும்மா நிறுத்தி வச்சா ஜனங்களுக்குக் கோபம்தான் வரும். பழைய மெஷினுக்கு நிஜமாவே மூச்சு வாங்குச்சு, அதனால பொறுத்துக்கிட்டாங்க. உங்க மெஷின் குதிரை மாதிரி இருந்துட்டு நொண்டற மாதிரி நடிச்சா?"

அது நியாயம்தான். டார்ச் யோசித்தாள். குதிரைக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அடுத்த மாடி எடுத்து முடித்தாயிற்று, மெஷின் முழுசும் சும்மா இருக்கிறது. லிஃப்ட்டுக்குள் இருப்பது இரண்டே பேர். அத்தனை சக்தியையும் அந்த இரண்டு பேர் மேல் கொட்டினால்?

"முகம்" என்றாள்.

*

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "காத்திருப்பே இல்லைன்னு போஸ்டர் அடிச்சாச்சு. நீங்க நிறுத்தி வைக்கறேங்கறீங்க. அப்புறம் எதுக்கும்மா புது மெஷின்? உங்க வீட்டுக்காரரே தேவையில்லைன்னுதானே எடுத்தார்?"

கணவனும் அந்த அறையில்தான் இருந்தான், மைனாவும் இருந்தாள். டார்ச் எழுந்து நின்றாள்.

"அவர் எடுக்கலை சார். நான் எடுத்தேன். அவங்க ரெண்டு பேர் மேல இருந்த வயித்தெரிச்சல்ல பழைய கேமை முதல் மாடிக்கு மேல விளையாடவே இல்ல. விளையாடாமயே அதைவிட நல்லா செய்யறேன்னு கிளம்பினேன். எனக்காக அவர் பொய் சொன்னார். என்னை இந்த வேலையிலிருந்து மாத்தறதுன்னா மாத்திடுங்க. ஆனா ஒரே ஒரு லிஃப்ட் செஞ்சு காட்டறேன். ஆறாவது மாடிக்குப் போறது. பார்த்துட்டுச் சொல்லுங்க."

சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். கணவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் வெகு நேரம் பேனாவை உருட்டினார். "வயித்தெரிச்சல்னு காரணம் சொல்லி இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட தப்பை ஒத்துக்கிட்டதில்லம்மா. செஞ்சு காட்டுங்க" என்றார்.

பொத்தானையும் காலரையும் விட்டுவிட்டாள். மேலே ஒரே ஒரு விளக்கு. லிஃப்ட் மெல்ல ஏறி, வெளிச்சுவரில் இருக்கும் ஒவ்வொரு விளக்கையும் கடக்கும்போது கதவு இடுக்கு வழியே ஒரு கோடு வெளிச்சம் வந்து இருவர் முகத்திலும் ஏறி மறையும். அது வரும்போது அவள் அவனைப் பார்ப்பாள், மறையும்போது விலக்கிக்கொள்வாள். அடுத்த கோட்டில் அவன் பார்ப்பான். இருவர் கண்ணும் சந்திக்கவே சந்திக்காது.

மைனா வந்து பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஓடவிடச் சொன்னாள். இரண்டாம் தடவை, "இதே வெளிச்சம் நாலாவது மாடி லிஃப்ட்லயும் வந்தா, அங்க ரெண்டு வரி எடுத்துடலாம். அந்த முகமே சொல்லிடும்" என்றாள். மாலைக்குள் இன்னும் கொஞ்சம் எடுத்தாள். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, "ரெண்டு வருஷமா பேசிப் பேசிச் சேர்த்ததை உங்க ஒரு கோடு வெளிச்சம் தின்னுடுச்சு. எனக்கு இப்ப உங்க மேல செம பொறாமையா இருக்கு, தெரியுமா?" என்றாள்.

அன்றைக்குத்தான் டார்ச் பல மாதங்களுக்குப் பிறகு பசியோடு சாப்பிட்டாள்.

மறு சோதனையில் ஆறாவது மாடி லிஃப்ட்டின்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கட்டைவிரல் பொத்தானை விட்டு இறங்கி அப்படியே நின்றது. பெரியவர் பெருமூச்சு விட்டார். "போஸ்டரை மாத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு ஆள் விளையாடிவிட்டுப் பழையதே மேல் என்று அடித்துச் சொன்னார். முகத்தை அவரே கற்பனை செய்துகொள்வதுதான் அவருக்குப் பிடித்ததாம். நாத்தனாரும் அதே கட்சி. "ஆனா இதுலயும் அழுதேன் அண்ணி, கொஞ்சம் கம்மியா" என்றாள்.

வீட்டில் மட்டும் இன்னும் ஃபேன் வேகத்தை விசாரித்துக்கொண்டிருந்தான் கணவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பின்னறையிலிருந்து வந்து, கையிலிருந்த கன்சோலை அவளிடம் நீட்டினான்.

"புதுசு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். கொஞ்சம்தான் ஆகியிருக்கு. பார்க்கறியா?"

"மைனா பார்த்துட்டாளா?"

"இல்ல. நீதான் முதல்ல."

வெட்கம்கெட்ட சந்தோஷம் ஒன்று அவளுக்குள் துள்ளியது. அதை முகத்தில் காட்டாமல் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இருந்தது முழுவதையும் விளையாடினாள். ஓர் இடத்தையும் தாண்டவில்லை. அவன் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான். பக்கமே திருப்பவில்லை.

"எப்படி இருக்கு?"

நல்லா இருக்குங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவன் முகம் மலரும். மலர்ந்த கையோடு, உண்மையா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வான்.

"போரடிக்குதுங்க" என்றாள்.

அவன் முகம் சுண்டிப்போனது. "எந்த இடம்?"

"ஆரம்பத்திலிருந்து."

"ஆரம்பத்திலிருந்தா? அந்தப் பாலம் வர்ற இடம்கூடவா?"

"அந்தப் பாலம்தான் ரொம்ப மோசம். எதுக்கு நடக்கறோம்னே தெரியல."

"உனக்கு விளையாடத் தெரியல, அதான்!" அவனுக்குக் குரல் ஏறியது. விருந்தாளியிடம் யாரும் இப்படிக் கத்த மாட்டார்கள். "குடு இப்படி. எங்க போரடிக்குது, காட்டு."

அவன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான். தோள் இடித்தது. அவள் நகரவில்லை. பாலத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், "இங்கேருந்து பாருங்க" என்றாள்.